ஞானம்மா போட்ட வேலி

ஞானம்மா எனக்கு ஓரகத்தி. அவளுடைய புருஷன் ஜெயராஜ் மூத்தவர், என் புருஷன் தாவீது இளையவர். ஓரகத்திகள் என்றாலே குழாயடிச் சண்டைதான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நாங்களும் சண்டை போட்டிருக்கிறோம். மாமியார் விட்டுப்போன அம்மிக்கல் யாருக்கு என்று முகம் பார்க்காமல் இருந்திருக்கிறோம். ஆனாலும் இந்தக் கடம்பத்தூர்க் காலனியில் அவளைப் போல உழைத்தவளையும் நான் பார்த்ததில்லை, அவளைப் போலத் தோற்றவளையும் பார்த்ததில்லை. ஒரு கீரைத் தோட்டத்தை ஆடு மாடுகளிடமிருந்து காப்பாற்ற முடியாமல் தோற்றாள். கேட்டால் சிரிப்பு வரும். சிரிக்கிறவர்கள் முழுதும் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சுப்பராயன் வீட்டுக் கழனியில் வேலை செய்தவர்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டினவரைக்கும் அவர் நிலம்தான். ஊருக்குள் மாடி வீடு, வீட்டுக்குப் பின்னால் மதில் வைத்த தோட்டம். அறுபத்திரண்டில் ஒரு நடவு. நான் கல்யாணமாகி வந்த புதுசு. ஞானம்மாவுக்குத் தலைப்பிள்ளை பெண்ணாகப் பிறந்திருந்தது. இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை, அதனால் பேரும் வைக்கவில்லை. பாப்பா என்றுதான் கூப்பிட்டோம். கழனிக் கரையில் தூளி கட்டிப் போட்டுவிட்டு நட்டுக்கொண்டிருந்தோம். காலையிலிருந்தே குழந்தைக்கு உடம்பு சுட்டது. அழுதது. பிறகு அழவும் இல்லை.

ஞானம்மா நிமிர்ந்து, வரப்பில் நின்ற சுப்பராயனிடம் கேட்டாள்.

"ஆண்டே, பாப்பாக்கு ஜுரம் அடிக்குது. கொஞ்ச நேரம் பக்கத்துல குந்திட்டு வரட்டா?"

"நீ போய் குந்திக்கினா நாத்து தானா நட்டுக்குமா? இந்தக் கழனிய முடிச்சிட்டு போ."

அவர் கத்தவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் முடித்துவிட்டுத்தான் போனாள். நாங்கள் எல்லாரும் முடித்துவிட்டுத்தான் போனோம். மறுநாள் விடிவதற்குள் குழந்தை செத்துப்போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. ஜுரத்துக்குத் தாய் பக்கத்தில் இருந்தால் என்ன, தூரத்தில் இருந்தால் என்ன. ஆனால் உட்கார விடவில்லை. அது எனக்குத் தெரியும், நான் பக்கத்து வரிசையில் நின்றேன்.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"மேரி, இனிமே அந்தாளு மண்ணுல என் காலு படாது. பட்னி கெடந்து செத்தாலும் படாது."

நான் தலையாட்டினேன். அந்த மாதிரிப் பேச்சைக் காலனியில் எல்லாரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பேசியிருக்கிறோம். அறுப்பு வந்தால் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். அறுப்பு வந்தது. நாங்கள் எல்லாரும் போனோம், அவள் போகவில்லை.

ஜெயராஜ் மாமா அப்போதுதான் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஹெல்ப்பராகச் சேர்ந்திருந்தார். காலை வண்டிக்குப் போனால் ராத்திரி வண்டிக்குத்தான் வருவார். அவர் கொண்டு வருவது அரிசிக்குச் சரியாக இருந்தது. மிச்சத்துக்கு அவள் தன் குடிசைக்குப் பின்னால் இருந்த துண்டு இடத்தைக் கொத்த ஆரம்பித்தாள். ஏரிக்கால்வாய்க்கும் குடிசைக்கும் நடுவில் கள்ளியும் கல்லுமாகக் கிடந்த புறம்போக்கு அது. கோடையில் ஏரி வற்றினதும் கூடை கூடையாக வண்டல் சுமந்து கொட்டினாள். ஒரு மூலையில் ஊற்றுத் தோண்டினாள். முளைக்கீரை, அரைக்கீரை, கொத்தவரை, கொஞ்சம் வெண்டை. கீரையைக் கட்டுக் கட்டி, பட்டணத்திலிருந்து சாயந்தர வண்டியில் வந்து இறங்கும் ஆபீஸ்காரர்களுக்கு ஸ்டேஷன் வாசலில் விற்பாள். அந்தத் தோட்டம் இருக்கிறவரைக்கும் அவள் சுப்பராயன் கழனிக்குப் போக வேண்டாம். தோட்டம் போனால் போக வேண்டியதுதான். வேறு வழி இல்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சுப்பராயனுக்கும் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

பச்சை தெரிந்தால் போதும், எங்கிருந்துதான் வருமோ. முதலில் கோழி வந்து விதையைக் கிளறியது. பிறகு ஏகாலி வீட்டுக் கழுதை வந்து படுத்துப் புரண்டது. கால்வாய் வழியாகச் சுப்பராயன் வீட்டு எருமைகள் ஏறி வந்தன. எங்கள் ஆடு அவர் கழனியில் வாய் வைத்தால் ஆட்டையும் பிடித்துக்கொள்வார்கள், ஆட்டுக்காரனையும் மரத்தில் கட்டுவார்கள். அவர் எருமை எங்கள் கீரையை மேய்ந்தால் நாம்தான் அதன் முதுகைத் தடவி அனுப்ப வேண்டும். ஞானம்மா தடவவும் இல்லை, அடிக்கவும் இல்லை. கையிலிருந்த முறத்தைத் தட்டித் தட்டிக் கால்வாயில் இறக்கிவிடுவாள். முகம் மட்டும் கடுகடுவென்று இருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பேஜாரு ஆடுகள்தான். அவை கன்னியம்மாவுடையவை. கன்னியம்மா மூன்றாவது வீடு. புருஷன் இல்லாதவள், அந்த ஆடுகள்தான் அவளுக்குச் சோறு. அதனால் அவளிடமும் ஒரு அளவுக்கு மேல் சண்டை போட முடியாது. இருந்தாலும் ஞானம்மா போட்டாள்.

"ஏமே கன்னிம்மா, உன் ஆட்டக் கட்டி வெக்க மாட்டியா? பாத்தியே மொட்டையா மேஞ்சிட்டுப் போயிருக்குது பாரு."

"கட்டி வெச்சா அது இன்னாத்தத் துன்னும்? உன் தோட்டம்னு ஆட்டுக்கு எழுதியா வெச்சிருக்குது? நீ வேலிய ஒயுங்கா போடு."

ஞாயமான பேச்சுதான். அன்றிலிருந்து ஞானம்மாவுக்கு வேலிப் பைத்தியம் பிடித்தது.

கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிப் போட்டாள். மழைக்காலத்தில் விறகு கிடைக்காமல் காலனிக்காரர்கள் ராவோடு ராவாக உருவிக்கொண்டு போனார்கள். என் வீட்டு அடுப்பிலும் அந்த முள் எரிந்திருக்கிறது. தாவீதுதான் கொண்டு வந்தார், நான் கேட்கவில்லை. பனைமட்டையை நட்டு வேலி கட்டினாள், கறையான் தின்றது. மாமாவின் பழைய காக்கிச் சட்டையைக் குச்சியில் மாட்டிப் பொம்மை வைத்தாள், அதன் நிழலில் ஆடு படுத்து அசை போட்டது. அதைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறையாகத்தான் இருக்கும்.

பிறகு யாரோ சொன்னார்கள், ஆட்டுப் புழுக்கையைத் தண்ணீரில் கரைத்து இலை மேல் தெளித்துவிட்டால் ஆடு வாய் வைக்காது என்று. அது உண்மைதான். மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போயின. ஆனால் ஸ்டேஷனில் கீரை வாங்குகிறவர்களுக்கும் மூக்கு உண்டே. கழுவிக் கழுவிக் கொண்டுபோனாலும் ஒரு ஆபீஸ்காரர் கட்டை மோந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, பட்டில இருந்தா பறிச்சுக்கினு வர்ற?" என்று கேட்டுவிட்டார். அன்று கூடை நிறையத் திரும்பி வந்த கீரையை நாங்கள் இரண்டு வீடும் தின்று தீர்த்தோம்.

அந்தச் சமயத்தில்தான் ரயில் பாதை ஓரமாக வேலிக்காத்தான் வளர்ந்து நிற்பதை அவள் பார்த்தாள். இன்றைக்குத் திரும்பின பக்கமெல்லாம் அந்த முள்மரம்தான், சீமைக்கருவேலம் என்றும் சொல்வார்கள். அப்போது எங்கள் பக்கத்துக்கு அது புதுசு. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, பச்சைப்பசேலென்று இருந்தது. முள் விரல் நீளம். அதன் இலையை ஆடு தொடவில்லை. பாதை ஓரமாகக் குத்துக்காலிட்டு அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக ஸ்டேஷன் போர்ட்டர் சொன்னான்.

"மேரி, செத்த முள்ளுன்னாதான் உருவிக்கினு போறானுங்க. உசுரோட நிக்கற முள்ள எவன் உருவுவான்? பேரே காத்தான்னு வெச்சிருக்காங்க பாரு," என்றாள்.

எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதன் விதை சும்மா போட்டால் முளைக்காது, ஆடு தின்று வெளியே வந்தால்தான் சட்டென்று முளைக்கும். ரயில் பாதைப் பக்கம் மேய்ந்து திரும்பும் ஆடுகளின் பட்டியைக் கன்னியம்மா கூட்டும்போது, அந்தக் குப்பையை ஞானம்மா கேட்டு வாங்கிக்கொண்டு வந்து தோட்டத்தைச் சுற்றி வாய்க்கால் எடுத்துப் போட்டாள். எருவுக்கு என்று நினைத்துக் கன்னியம்மாவும் கொடுத்தாள்.

முளைத்தது. நாலு பக்கமும் முளைத்தது. மூன்றாவது வருஷம் ஆள் உயரத்துக்கு நின்று, கிளையோடு கிளை பின்னிக்கொண்டது. எருமை வந்தது, மூக்கில் குத்து வாங்கிக்கொண்டு திரும்பிப் போனது. கோழிகூட நுழைய முடியவில்லை. அவள் போய்வர ஒரு சந்து மட்டும் விட்டு, அதற்கு ஒரு தகரக் கதவு வைத்தாள். அந்த இரண்டு மூன்று வருஷம் ஞானம்மாவின் கீரைக்கு ஸ்டேஷனில் பேர் இருந்தது. வண்டியை விட்டு இறங்கும்போதே, "கீரைக்காரம்மா வந்திருக்கா?" என்று கேட்பார்கள். முதுகு நிமிர்ந்து நடந்தாள். சுப்பராயன் எதிரே வந்தால் ஒதுங்குவாள், ஆனால் தலையைக் குனிய மாட்டாள். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, நான் இன்னும் குனிந்துதான் நட்டுக்கொண்டிருந்தேன்.

எழுபதாம் வருஷக் கோடையில் அந்த மரம் காய்த்தது. மஞ்சள் மஞ்சளாக, கொத்துக் கொத்தாக. நாங்கள் யாரும் அதை யோசிக்கவே இல்லை. இலையைத் தொடாத ஆடு அந்தக் காய்க்கு உயிரை விடும். வெல்லம் மாதிரி இனிக்குமாம். குப்பையை வாங்கிப் போட்டபோதே தெரிந்திருக்க வேண்டும், ஆடு காயைத் தின்றதால்தானே அதில் விதை இருந்தது. அவள் கண்ணுக்கு முள் மட்டும்தான் தெரிந்தது. கன்னியம்மாவின் ஆடுகள் மட்டுமில்லை, திருப்பாச்சூர்ப் பக்கத்து ஆடுகள்கூட வந்து வேலியைச் சுற்றி நின்றன. காயைப் பொறுக்கின. கொம்பால் இடித்துச் சந்து பண்ணிக்கொண்டு உள்ளே போயின. உள்ளே போனவை கீரையை மட்டும் விட்டுவைக்குமா.

ஆடு மேய்ந்ததாவது மறுபடி துளிர்க்கும். ஆடு போட்டுவிட்டுப் போன புழுக்கையிலிருந்து பாத்திக்குள்ளேயே வேலிக்காத்தான் முளைத்தது. தினமும் பிடுங்கினாள். பிடுங்கப் பிடுங்க முளைத்தது. வேலியோரப் பாத்திகளில் கீரை வெளிறிப்போய் விரல் உயரத்தில் நின்றுவிட்டது. ஊற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. அந்த மரத்தின் வேர் தண்ணீர் இருக்கிற இடத்தைத் தேடிக்கொண்டு போகும் என்று அப்புறம்தான் எல்லாரும் சொன்னார்கள். அப்புறம் சொல்லி என்ன பிரயோசனம்.

"வெட்டிப் போட்டுடுக்கா," என்றேன்.

"வெட்டிட்டு? தொறந்து போட்டுட்டு ஆட்டுக்கு இலையப் போட்டு வெக்கவா?"

கடைசியில் வெட்டத்தான் வெட்டினாள். வெட்டின அடியிலிருந்து ஒன்றுக்கு நாலாகக் கிளைத்தது. அடியில் நெருப்பு வைத்தாள். மழை பெய்ததும் கருகின கட்டையிலிருந்து பச்சை எட்டிப் பார்த்தது. அன்றைக்கு அவள் அந்தக் கட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை வாரி வாரி அதன் மேல் போட்டாள். புதைக்கிற மாதிரி போட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது. கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அதே சமயம் பார்த்து மாமாவின் கம்பெனியைப் பூட்டினார்கள். என்ன தகராறோ, கேட்டில் போர்டு தொங்கியது. திறப்பார்கள் திறப்பார்கள் என்று மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக ஏதேதோ வருகிறது என்று கேள்விப்பட்டு அங்கே போனார். வந்தவை எல்லாம் வாலிபப் பையன்களுக்கு. இவருக்கு எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டுகிற வேலைதான் கிடைத்தது. முதலில் மாதத்துக்கு ஒருமுறை வந்தார். பிறகு கிறிஸ்துமஸுக்கு வந்தார். பிறகு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

பாப்பாவுக்குப் பிறகு அவளுக்கு வேறு பிள்ளை இல்லை, குடிசையில் தனியாகத்தான் இருந்தாள். எழுபத்து நாலில் மழை பொய்த்தது. ஊற்று காய்ந்தது. ஞானம்மா ஏரிக் குட்டையிலிருந்து குடத்தில் சுமந்து வந்து, மிச்சமிருந்த இரண்டு பாத்திக்கு ஊற்றினாள். அந்தத் தண்ணீரையும் வேலிதான் குடித்தது. ஒருநாள் கட்டையைப் பெயர்க்கக் கடப்பாரை போட்டபோது ஒரு முள் பாதத்தில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. வேலிக்காத்தான் முள் குத்தினால் சீழ் வைக்காமல் விடாது. அவள் மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் சுமந்தாள். கால் வீங்கித் தூண் மாதிரி ஆன பிறகுதான் என்னிடம் காட்டினாள். தாவீது தூக்கிக்கொண்டு போய்த் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கால் விரல்களை எடுத்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது தோட்டம் இருந்த இடத்தில் வேலிக்காத்தான் தோப்புதான் இருந்தது. கீரைப் பாத்தி எது, வேலி எது என்று அடையாளம் தெரியவில்லை. கன்னியம்மாவின் ஆடுகள் உள்ளே நிழலில் படுத்திருந்தன.

அவள் கழியை ஊன்றிக்கொண்டு தகரக் கதவு வரைக்கும் போனாள். திறந்து கிடந்த கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

நான் என் வீட்டுக் கஞ்சியில் எவ்வளவு தண்ணீர் ஊற்ற முடியுமோ ஊற்றி அவளுக்கும் கொடுத்தேன். என் பிள்ளைகள் தட்டைத் தட்டைப் பார்த்தன. அவள் அதைப் பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து பசியில்லை, பசியில்லை என்றாள். பசியில்லாமல் யாராவது இருக்க முடியுமா. எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, சுப்பராயன் மேலா, அம்பத்தூர்க் கம்பெனி மேலா, யார் மேல் என்று தெரியாத கோபம். கடவுள் மேலும் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை.

ஒருநாள் காலையில் அவள் தலையை வாரி முடிந்துகொண்டு, கழியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கே என்று தெரியாதா என்ன. ஒரு பத்தடி தள்ளிப் பின்னாலேயே போனேன்.

சுப்பராயனுக்கும் வயதாகிவிட்டிருந்தது. மாடி வீட்டு வாசலில் ஈசிசேரில் சாய்ந்திருந்தவர் இவளைப் பார்த்ததும் உடனே அடையாளம் கண்டுகொண்டார். பாப்பா விஷயம் அவருக்கு நினைவிருந்த மாதிரி தெரியவில்லை. மறக்க வேண்டும் என்று மறந்திருக்க மாட்டார். அவருக்கு அது நினைவு வைத்துக்கொள்கிற விஷயமாகவே இருந்திருக்காது.

"கழனில எறங்க முடியாதே இந்தக் காலை வெச்சுக்கினு," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பின்னால தோட்டத்துல கத்திரி வெச்சிருக்கேன். மதிலு ஒரு பக்கம் இடிஞ்சு கெடக்குது, ஆடு உடமாட்டேங்குது. உனக்குத்தான் ஆடு ஓட்டிப் பழக்கமாச்சே. காலைல வந்து குந்திக்கோ, பொழுது சாஞ்சதும் போ," என்றார்.

இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அவர் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

ஞானம்மா வாசல் படியைத் தாண்டாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குள் போனாள். இடிந்த மதிலை மிதித்து உள்ளே இறங்கும்போது கொஞ்சம் நின்றாள். கழியை முதலில் ஊன்றினாள். பிறகு நல்ல காலை எடுத்து வைத்தாள்.

மதியம் நான் அவளுக்குக் கூழ் கொண்டுபோனேன். கத்தரிச் செடிகளின் நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். செடிகள் செழிப்பாக இருந்தன, கிணற்றுப் பாய்ச்சல். ஒரு இலைகூடக் கடிபடவில்லை. கன்னியம்மாவின் ஆடு ஒன்று மதில் மேல் தலையை நீட்டியது. இவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கழியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். அது ஓடிவிட்டது.

கூழைக் குடித்து முடித்தாள். சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்தக் கத்திரிச் செடிக்குப் பக்கத்துல பொழுதன்னிக்கும் குந்தியிருக்கச் சொல்றாரு மேரி. எழுந்து வேற வேலை எதுவும் செய்யக்கூடாதாம். பக்கத்துலயே இருக்கணுமாம். அன்னிக்கு நான் கொஞ்ச நேரம்தான கேட்டேன்?"

அவள் அழுதிருந்தால் நானும் கூட உட்கார்ந்து அழுதிருப்பேன். அவள் அழவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ சலசலத்தது என்று கழியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.